அப்பா ஞாயிறு

மார்ச் 12, செவ்வாய்

என்னங்க,

இங்கே மூன்று பேரும் சுகம். உங்கள் இருமல் விட்டதா இல்லையா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். போனில் கேட்டால் பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கிறார் என்று "ம், சரி, வெச்சிடவா" என்பதைத் தவிர ஒன்றும் உங்கள் வாயில் வருவதில்லை. அதற்குக் கடிதம் எவ்வளவோ தேவலை.

முந்தாநாள் அப்பா ஞாயிறு. நீங்கள் சொன்னபடியே மாடிபஸ்ஸில் முதல் ஸ்டாப்பில் ஏறி, மேல்தட்டின் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்பினோம். நம் சின்னவள் வாலு வழி முழுக்க இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் என் மேல் வந்து விழுந்தாள். பின்சீட்டில் இருந்த ஒருவர், "பாப்பா, கொஞ்சம் மெதுவா ஓட்டும்மா, எனக்குத் தலை சுத்துது" என்றார். அதற்குப் பிறகு ரொம்பப் பொறுப்பாக ஓட்டினாள். பெரியவள் பதினைந்து வயதுக்கு உரிய முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் நீங்கள் எழுதி வைத்த சட்டத்தை வாலு வாரம் ஒருமுறை உரக்கப் படிக்கிறாள். "ஒவ்வொரு ஞாயிறும் ஒருவருடையது. அவர் சொல்வதே இடம். நாலு பேரும் போக வேண்டும். மறுபேச்சு இல்லை." மூன்றாவது வரியில் மட்டும் நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

கடையில் இன்று ஒரு பெரியவர், கண்ணாடி காதை உறுத்துகிறது என்று மூன்றாவது தடவையாக வந்தார். கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது நன்றாக இருக்கிறது, இருந்தாலும் நாளைக்கு ஒருமுறை வருகிறேன் என்றார். வீட்டில் பேச ஆளில்லை போலிருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 21, வியாழன்

என் வீட்டு எஜமானி அம்மாளுக்கு,

முதல் வரி: இருமல் போய்விட்டது. நீ கேட்பாய் என்ற பயத்திலேயே போயிருக்கும்.

இங்கே பன்னிரண்டு கட்டடம், ஒவ்வொன்றும் பதினாலு மாடி, குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. எல்லாக் கதவும் பூட்டியிருக்க, லிஃப்ட் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு பேர் ஏறும் லிஃப்ட் என்றால் அத்தனை எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நேற்று மூட்டைகளோடு நான் மட்டும் உள்ளே. ஓரத்தில் இருந்த குட்டி மூட்டை வாலு. சுவரில் சாய்ந்து நின்றது பெரியவள். நடுவில் இருந்த மூன்றும் நீ. பதினாலாம் மாடி வரை உங்களோடு பேசிக்கொண்டே போனேன். கீழே வந்ததும் வயர்மேன், "யாருண்ணே உள்ள, பேச்சு சத்தம் கேட்டுச்சு?" என்றார். குடும்பம் என்றேன். அவர் எட்டிப் பார்த்து, மூட்டைகளை ஒருமுறை எண்ணிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு விஷயம். என் ஒப்பந்தம் மே 31-உடன் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கம்பெனி கேட்கிறது. அந்தத் தேதிக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போடாவிட்டால் நம் ஊர் ஆபீசில் எனக்கு இடம் கிடையாது, வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான். உன் எண்ணம் என்ன? மறைக்காமல் எழுது.

ஏப்ரல் 7 என் ஞாயிறு. விமான நிலையத்தின் பின்வேலி ஓரம் ஒரு மண்மேடு உண்டே, அங்கே போய் விமானம் இறங்குவதைப் பாருங்கள். தலைக்கு மேலே வரும்போது வாலுவின் காதைப் பொத்து. உன் காதையும்தான்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 9, செவ்வாய்

என்னங்க,

மூன்று மூட்டையா நான்? இந்தக் கடிதத்தை அந்த மூட்டைகளுக்கே எழுதியிருப்பேன். அவர்களாவது மரியாதை தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

விமானம் பார்த்தோம். வாலு இருபத்திரண்டு வரை எண்ணினாள். பதினேழாவது விமானத்தின் ஜன்னலிலிருந்து ஒருவர் தனக்குக் கையாட்டினார் என்று சத்தியம் செய்கிறாள். இறங்குகிற சத்தம் வயிற்றுக்குள் கேட்கிறது என்றாள் பெரியவள். அவள் வாயிலிருந்து அதிசயமாக வந்த ஒரு முழு வாக்கியம், அதனால் எழுதுகிறேன். மேட்டில் போர்வையை விரித்து, உங்கள் இடத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்தோம், காற்றில் போர்வை பறக்காமல் இருக்க. வெயில் இறங்கியபின் எல்லாமே தங்கம் பூசினாற்போல் இருந்தது.

இரண்டு வருட விஷயத்தில் நான் என்ன சொல்ல? வேலை செய்வது நீங்கள். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்களை நினைத்துக் குழம்ப வேண்டாம். உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள்.

வாலுவுக்குக் கொஞ்சம் ஜலதோஷம். பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுக்காரி (ஒரே ஆள், மூன்று அல்ல)


ஏப்ரல் 18, வியாழன்

எஜமானி அம்மாளுக்கு,

உன் விமானக் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வயர்மேனுக்குப் படித்துக் காட்டினேன். பதினேழாவது விமானம் வந்தபோது சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்.

"ஒரு குறையும் இல்லை" என்ற வரியை நான் தனியாக நாலு தடவை படித்தேன். சந்தோஷம்தான். நான் இல்லாமலே அப்பா ஞாயிறு இவ்வளவு நன்றாக நடக்கிறது என்றால், இன்னும் இரண்டு வருடம் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும் போலிருக்கிறது. படிவத்தை நிரப்பி வைத்துவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மே 5 என் ஞாயிறு. பெரிய பூங்காக் குளத்தில் மிதிபடகு. நாலு சீட் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். டிக்கெட் கவுண்டருக்கு எதிரே பச்சை பெஞ்ச் இருக்கிறது, அங்கே சரியாக நாலரை மணிக்கு மூன்று பேரும் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே. மறுபேச்சு இல்லை.

வாலுவுக்கு ஜலதோஷம் விட்டதா?

லிஃப்ட்காரன்


மே 7, செவ்வாய்

என்னங்க,

நாலரை அடிக்கும்போது பச்சை பெஞ்சில் மூன்று பேரும் ஆஜர். ராணுவத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்காது.

படகு எண் ஏழு. வாலுவுக்குக் கால் எட்டவில்லை, இருந்தும் தான்தான் மிதித்ததாகச் சாதிக்கிறாள். திருப்புகிற கம்பியை ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றதால் படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. கரையிலிருந்து ஒருவர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். பெரியவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன குளிர்ச்சி. நாலாவது சீட்டில் உங்கள் பழைய குடையை உட்கார வைத்திருந்தோம். நீங்கள் வந்தது போலவே இருந்தது.

கடையில் வேலை அதிகம். மற்றபடி எல்லாம் வழக்கம்போல.

உங்கள் வீட்டுக்காரி


மே 12, ஞாயிறு

உனக்கு,

குளத்தில் தண்ணீர் இல்லை.

போன வாரம், மே 4 சனிக்கிழமை சாயங்கால ரயிலில் ஏறி, ஞாயிறு மதியம் வந்து இறங்கினேன். உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று நினைப்பு. நாலு மணிக்கே பச்சை பெஞ்சில் உட்கார்ந்தேன். குளம் வெடித்துக் கிடந்தது. படகுகளை எல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஏழாம் நம்பரும் அங்கேதான் கிடந்தது. குளம் வற்றி மூன்று மாதம் ஆகிறது என்று காவலாளி சொன்னார். படகு இல்லாவிட்டால் என்ன, பெஞ்ச் இருக்கிறதே, வந்து பார்த்துவிட்டுத் திரும்புவீர்களே என்று ஆறரை வரை இருந்தேன்.

வீட்டுக்கு வந்திருக்கலாம். தெருமுனை வரை வரவும் செய்தேன். ஏழு மணி இருக்கும். நம் ஜன்னலில் விளக்கு எரிந்தது. நீங்கள் சிரிக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. பெரியவள், அவள் சிநேகிதிகள், நீ. நீ அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று பட்டது. எட்டு மணி ரயிலைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். அந்த பெஞ்சில் நான் உட்காராமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன். வயர்மேன் படிக்கச் சொன்னார். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன்.

கோபம் இல்லை. நடக்காத ஞாயிறை எனக்காக நீ உட்கார்ந்து எழுத வேண்டாம். என் முறையை விட்டுக்கொடுக்கிறேன். மூன்று பேர் மாறி மாறி வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

பிள்ளைகளிடம் நான் வந்ததைச் சொல்லாதே.

இப்படிக்கு


மே 16, வியாழன்

என்னங்க,

"இப்படிக்கு" என்று எழுதிவிட்டுப் பெயருக்குப் பதில் காலி இடம் விட்டிருந்தீர்கள். கடையில் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். முதலாளி கண்ணில் தூசியா என்று கேட்டார். கண்ணாடிக் கடையில் வேறென்ன கேட்பார்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் போனது நிஜம், ஆனால் நானும் வாலுவும் மட்டும். விமானம் பொய். அன்றைக்கு வாலுவுக்குக் காய்ச்சல், ஜலதோஷம் இல்லை. படகு முழுப் பொய். மே 5 கடையில் ஸ்டாக் எடுக்கும் நாள், நான் வீட்டுக்கு வரவே ஆறு மணி ஆயிற்று. குளம் வற்றியதுகூட எனக்குத் தெரியாது.

பெரியவள் பஸ் நாளிலிருந்தே அப்பா ஞாயிறுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். திட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அப்போதே எழுதியிருக்க வேண்டும்: "நாலு பேரும் போகணும்னு எழுதினதே அப்பாதான். அவர் வரட்டும், நானும் வரேன்." இதை நான் எழுதினால் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவீர்கள் என்று தெரியும். என்னால் உங்கள் வேலை போயிற்று என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நீங்களோ ஒவ்வொரு மாதமும் அவ்வளவு ஆசையாக இடம் பார்த்துச் சொல்கிறீர்கள். போகவில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் கடை மூடியபின் கவுண்டரில் உட்கார்ந்து நாலு பேரையும் காகிதத்தில் கூட்டிக்கொண்டு போனேன். நீங்கள் மணல் மூட்டைகளோடு பேசியதற்கும் இதற்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் இல்லை.

அன்றைக்கு நாங்கள் எதற்குச் சிரித்தோம் தெரியுமா? வாலு உங்கள் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு அலமாரிக்குள் நின்றாள். பெரியவளின் சிநேகிதிகளை ஒவ்வொருத்தியாகப் பக்கத்தில் ஏற்றி, உங்கள் குரலிலேயே, "கைய உள்ள வைங்கம்மா, கதவு மூடுது" என்றாள். அப்புறம் உங்கள் இருமல். அச்சாக உங்கள் இருமல். பெரியவள் சிரித்துச் சிரித்து, கடைசியில் மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கி வந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நீங்கள் தெருமுனையிலிருந்து திரும்பிப் போயிருக்கிறீர்கள். எனக்கு ஆறவே இல்லை.

முறையை விட்டுக்கொடுக்கலாமா என்று அலமாரிக் கதவில் தேடிப் பார்த்தேன். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஜூன் 2 உங்களுக்கு வேண்டாம் என்றால் காலியாகவே கிடக்கட்டும். ஜூன் 9 என்னுடையது. இடம், நம் வீடு. நாலு பேர். ஒரு ஞாயிறுக்கு வந்து போவதைச் சொல்லவில்லை. ஊர் ஆபீசில் இடமில்லை என்றால் பரவாயில்லை, இந்த ஊரில் லிஃப்ட் பழுதாகாத கட்டடமே கிடையாது.

என் எண்ணத்தை மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். நான்தான் மறைத்துவிட்டேன். எங்களுக்கு எல்லாமே குறைதான். வந்துவிடுங்கள்.

மறுபேச்சு இல்லை.

உங்கள் வீட்டுக்காரி


மே 23, வியாழன்

என் எஜமானி அம்மாளுக்கு,

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, சொன்னால் உங்களுக்குப் புரியாது என்றேன். வேலை கையில் இல்லாமல் வருகிறேன், அதையும் தெரிந்துகொள். மூன்று இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் முந்தாநாளிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன்.

இந்த வாரம் கடைசிக் கட்டடத்தின் சோதனையும் முடிந்தது. மணல் மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலி லிஃப்டில் ஒருமுறை மேலே போய் வந்தேன். யாரோடும் பேசவில்லை. வயர்மேன் உன் கடிதங்களைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். விமானக் கடிதத்தை மட்டும் கொடுத்தேன். பொய் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. படகுக் கடிதம் என்னிடம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் வந்ததும் அதை வைத்துக்கொண்டு நீ எழுதியபடியே எல்லாவற்றையும் செய்ய வேண்டும், விசில் உட்பட.

பெரியவளிடம் சொல், அப்பா சட்டத்தை மீறியது தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார் என்று. நானும் நேரில் சொல்கிறேன்.

சாவிகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டு ஜூன் 8 சாயங்காலம் ரயில் ஏறுகிறேன். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும். இந்தத் தடவை எங்கும் உட்காராமல் நேரே வந்துவிடுவேன். மூன்று பேரும் வீட்டில் இருங்கள்.

உன் லிஃப்ட்காரன்