ஐந்து ஜன்னல்களின் அளவு

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்து, நில அளவை அலுவலகத்தில் வேலையிலும் சேர்ந்துவிட்டேன். இந்தச் சின்ன ஊரில் வாடகைக்கு வீடு பிடிப்பது பெண் பார்க்கும் படலத்தைவிட மோசம். "தனியாவா இருக்கப் போறீங்க? இன்னும் கல்யாணம் ஆகலையா? ஏன் ஆகலை?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கண்ணில் காட்டுகிறார்கள். முப்பத்தாறு வயதுக்காரியிடம் எத்தனை பதில்தான் இருக்கும்! கடைசியில் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் தன் வீட்டின் பின்பக்கத்தைக் கொடுத்தார். ஒற்றை அறை, ஓரத்தில் அடுப்பு. நான் கால் நீட்டிப் படுத்தால் கதவு திறக்காது.

'உன்னோடு வந்து இருந்துவிடட்டுமா' என்று நீ கேட்டாயே, அதைக் கொஞ்சம் பொறுத்து யோசிப்போம். கோபித்துக்கொள்ளாதே.

உன் வாலு

ஜூன் 11

என் வாலுக்கு,

எனக்கு என்னடி கோபம்? தம்பிக்கு மாற்றல் உறுதியாகிவிட்டது. ஜூலை பத்தாம் தேதிக்குள் இந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். "அங்க குடுத்திருக்கிற வீடு ரொம்பச் சின்னது, அண்ணி" என்று அவன் பெண்டாட்டி மூன்று தடவை சொல்லிவிட்டாள். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. உன்னிடமும் இடமில்லையென்றால் யாரைக் குற்றம் சொல்ல? நானும் என் தையல் மெஷினும் எங்காவது ஒண்டிக்கொள்வோம்.

நான் தைக்கும் கடையில் கட்பீஸ் நிறையக் கிடக்கிறது. ஜன்னல் அளவு அனுப்பு, திரைச்சீலை தைத்து அனுப்புகிறேன். அரைகுறையாக எழுதாதே. அகலம், உயரம், கம்பி எவ்வளவு மேலே இருக்கிறது, எல்லாம் வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

நாளெல்லாம் வெயிலில் நின்று அடுத்தவர் நிலத்துக்கு எல்லைக்கல் தேடுகிறேன். வீடு வந்தால் முதுகு என்னுடையதாகவே இல்லை.

அளவு இதோ. தெருப் பக்கம்: அகலம் 4 அடி 2 அங்குலம், உயரம் 3 அடி 9. எதிர்ச் சுவரில் அதற்கு ஜோடி: உயரம் மட்டும் ஒரு அங்குலம் கூடுதல், கொத்தனார் கண் அசந்திருக்கிறார். உள்ளறையில் இரண்டு: 3 அடிக்கு 3 அடி 6. சமையலறை: 2 அடிக்கு 2. எல்லாக் கம்பியும் சட்டத்துக்கு மேலே நான்கு அங்குலம். உள்ளறையில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது, அதற்குக் கனத்த துணியாகப் போடு.

தம்பி உன்னை இப்படி விடலாமா? கேட்கவே நன்றாயில்லை.

வாலு

ஜூன் 23

என் வாலுக்கு,

வெட்ட உட்கார்ந்தேன். மூன்றாவது ஜன்னலில் கத்தரி நின்றுவிட்டது. சட்டை அளவைப் பார்த்தே ஆள் எப்படி நடப்பான் என்று சொல்கிறவள் நான். ஜன்னல் அளவைப் பார்த்து வீட்டைச் சொல்ல மாட்டேனா? கால் நீட்டினால் கதவு திறக்காத வீட்டுக்கு ஐந்து ஜன்னலாம், உள்ளறையாம், சமையலறையாம்!

முதலில் சிரிப்புதான் வந்தது. "என்ன அண்ணி, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள் தம்பி பெண்டாட்டி. "தங்கச்சிக்கு வீடு நல்லா அமைஞ்சிருக்கு" என்றேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் பொய் சொல்ல வேண்டிய அளவுக்கு நான் உனக்கு என்ன செய்தேன்? அதை மட்டும் எழுது. ஐந்தையும் தைத்துப் பார்சலில் போட்டுவிட்டேன். உள்ளறைத் திரைக்கு லைனிங் கொடுத்திருக்கிறேன்.

அக்கா

ஜூன் 27

அக்கா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். வாய்க்குப் பொய் சொல்ல வந்தது. அளவு நாடாவைப் பிடித்ததும் கை அதன்பாட்டுக்கு உண்மையை எழுதிவிட்டது.

நீ எனக்கு எல்லாமே செய்தாய், அதுதான் காரணம். தைத்துத் தைத்துப் படிக்க வைத்தாய். எப்போது வந்தாலும் வாசலில் நிற்பாய். என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்பாய். யாரும் எதுவும் கேட்காத வீட்டில் ஒரு வருஷமாவது இருக்க ஆசைப்பட்டேன். நீ போக்கிடம் இல்லாமல் நிற்பது தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "சொந்தக்காரங்க யாராச்சும் வந்து தங்குவாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது, "எனக்கு யாரும் இல்லைங்க" என்றேன். அப்போது நாக்குக் கூசவில்லை, இப்போது கூசுகிறது. நேற்று அவரிடம் போய், "எனக்கு ஒரு அக்கா இருக்காங்க" என்றேன். "அன்னிக்கு இல்லைன்னீங்களே?" என்றார்.

உள்ளறையைக் கழுவி வைத்திருக்கிறேன். ஆறாம் தேதி வந்து அழைத்துப்போகிறேன். வா, அக்கா.

உன் தங்கை

ஜூலை 2

என் தங்கைக்கு,

ஆறாம் தேதி வர வேண்டாம். உன் கடிதம் வந்தபோது நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி ஒன்றில் தையல்காரி கேட்டார்கள், தங்க இடமும் உண்டு. நேற்றே மெஷினோடு வந்துவிட்டேன்.

நீ மனசு உறுத்தி அழைக்கிறாய். உறுத்தல் நாலு நாளில் அடங்கிவிடும், நான் நாலு வருஷம் இருப்பேன். வேண்டாம். தனியாக இருக்க ஆசை என்று என்னிடமே சொல்லியிருந்தால், உனக்காக நானே ஊரோடு சண்டை போட்டிருப்பேன். ஆனால் யாரும் இல்லை என்றாயே, அது வலிக்கிறது. வலிக்கவில்லையென்று சொல்லிப் பெரிய மனுஷியாக எனக்கு ஆசையில்லை.

இங்கே சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். "அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்றது?" என்று வார்டன் கேட்டாள். பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினேன். "யாரும் இல்லையாம்மா?" என்றாள். 'தங்கை' என்று எழுதி உன் விலாசத்தைப் போட்டேன்.

"கூப்பிட்டா வருவாங்களா?"

"வருவா" என்று சொல்லிவிட்டேன். அதைப் பொய்யாக்கிவிடாதே.

அக்கா