சிவந்த கடலும் என் வாயும்

கோழிக்கோடு, 1908 அக்டோபர்

இன்பமணி அப்பா அவர்களுக்கு, சாரம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றியதா? தச்சநல்லூரில் மழை உண்டா?

நமக்குக் கலியாணமான நாள் முதல் நீங்கள் செய்துவந்த ஜெபத்தைக் கர்த்தர் போன புதன்கிழமை கேட்டுவிட்டார். என் வாய் மூடிக்கொண்டது. பயப்படாதீர்கள், இப்போது திறந்துவிட்டது.

இங்கே கடல் கருப்பட்டிப் பாகு போலச் சிவந்து, மீனெல்லாம் செத்துக் கரையில் ஒதுங்கின. நம் ஆற்றில் புதுவெள்ளம் வருவது போலத்தானே என்று நினைத்து, பாறையில் ஒட்டியிருந்த சிப்பியைப் பறித்து வந்து எனக்கு மட்டும் குழம்பு வைத்தேன். நான் சமையல் செய்யும் இந்தத் துரை வீட்டு மேசைக்கு வைக்காதது நல்லதாயிற்று. தின்ற கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தது, பிறகு நாக்கு, பிறகு விரல்கள்.

வாய் திறந்த பிறகு நடந்ததைச் சொன்னதும் மீன்காரக் காக்கா, இங்கே அண்ணாச்சியை அப்படித்தான் சொல்வார்கள், தனக்குத் தெரிந்த தமிழில் வைதார். "கடல் செவந்தா சிப்பி தொடக்கூடாது. எங்க பாட்டன் காலத்துலயே ஆள் செத்திருக்கு."

"எங்க ஆத்துல தண்ணி செவந்தா அன்னைக்குத்தான் மீனு ருசி, அண்ணாச்சி" என்றேன்.

யாரோ ஒரு துரை அந்தத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாசி என்கிறாராம்.

நான் ஒரு நாள் முழுவதும் பேசாமல் கிடந்தது இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மற்ற நாளும் எனக்கு இங்கே யாரோடு பேச்சு? நீங்களாயிருந்தால் அரை நாழிகையில், "ஏட்டி, என்ன சத்தத்தையே காணோம்" என்று கேட்டிருப்பீர்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் சுக்கும் கருப்பட்டியும் கொடுத்துவிடுங்கள். உடனே பதில் எழுதுங்கள். மரியாதையெல்லாம் வேண்டாம், "ஏட்டி" என்றே ஆரம்பியுங்கள். துரைசானி மணி அடிக்கிறாள்.

சாரம்மாள்