இடதுபக்கத்துக்கு ஒரு விசில்

மேல்வீட்டுக் கதவு நிலையில் இன்று காலை வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு அம்மை. மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன், மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அரைத்த பச்சை வாசனை மேலிருந்து இறங்கி வந்தது. அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். எத்தனை வருடம் ஆனாலும் அந்த வாசனை வந்தால் எனக்கு உங்கள் இடது கண்தான் நினைவுக்கு வருகிறது, அண்ணா. குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டு, "டாக்டர்கிட்டக் காட்டியாச்சுங்களா?" என்று கேட்டேன். "நேத்தே காட்டியாச்சுங்க" என்றாள். அதன் பிறகுதான் கீழே வந்து உட்கார முடிந்தது.

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. உங்களிடம் நேரில் சொல்லாமல் விட்டவற்றை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கோவை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை போகும் தனியார் பஸ்ஸில் நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். ஆறு வருடம் ஒரே வண்டி. என் மனைவியிடம் பேசியதைவிட உங்களிடம்தான் அதிகம் பேசியிருப்பேன். நீங்கள் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைத் தேட வேண்டியதில்லை. "நிக்கறவங்க எல்லாருத்து கையிலயும் சுடுதண்ணி இருக்குதுன்னு நெனச்சு ஓட்டோணுமப்பா" என்பீர்கள். உங்கள் வண்டி என்று கேட்டு, முன்னால் போகும் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்து ஏறுகிறவர்கள் இருந்தார்கள்.

அந்தச் சித்திரையில் உங்கள் சின்ன மகளுக்கு அம்மை வந்தது. அவளுக்கு இறங்கியதும் உங்களுக்கு. முப்பத்தெட்டு வயதில் வந்ததால் உங்களை உலுக்கி எடுத்துவிட்டது. தலைக்குள், காதுக்குள், உதட்டின் உள்பக்கம்கூடக் கொப்புளம். நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். ஊசி போடலாமா என்று அக்கா, உங்கள் மனைவி, கேட்டதற்கு, "அம்மைக்கு ஊசி ஆகாதுங்க்கா" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அம்மை இறங்கி, மூன்று தண்ணீர் ஊற்றி, முகமெல்லாம் தழும்போடு நீங்கள் டூட்டிக்கு வந்த அன்று, பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். உங்கள் இடது கண் சிவந்தது. "மெட்ராஸ் ஐ-யா இருக்குமுங்க" என்றார் மெடிக்கல் கடைக்காரர். சொட்டு மருந்து போட்டீர்கள், சிவப்பு குறைந்தது. ஆனால் வண்டி ஓட்டும்போது அவ்வப்போது கையை வீசி எதையோ விரட்டினீர்கள்.

"என்னங்ணா?"

"கொசு பறக்கற மாதிரி இருக்குது. தூசி போயிருக்குமாட்ட இருக்குது."

நானும் தூசி என்றே நம்பினேன்.

கிணத்துக்கடவு தாண்டி, புளியமரங்கள் இரண்டு பக்கமும் கவிந்திருக்கும் இடத்தில், பால் கேன் கட்டிய மொபெட்காரர் ஒருவர் நமக்கு இடதுபக்கம் போய்க்கொண்டிருந்தார். நீங்கள் அவர் அங்கே இல்லாததுபோல வண்டியை இடதுக்கு ஒடித்தீர்கள். அவர் மண்ணில் இறங்கிச் சாய்ந்தார். கேன் உருண்டது. நீங்கள் நிறுத்தவே இல்லை. உங்களுக்கு அது தெரியவே இல்லை என்று பொள்ளாச்சியில் டீ குடிக்கும்போது உறுதியாயிற்று. உங்களுக்கு இடதுபக்கம் நின்று, டீ கிளாஸை உங்கள் தோளுக்கு நேராக நீட்டினேன். நீங்கள் ரோட்டைப் பார்த்தபடி, "ஏனப்பா, டீ சொன்னியா இல்லையா?" என்றீர்கள். கிளாஸிலிருந்து ஆவி உங்கள் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

வலது கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். மூடினீர்கள். தலையை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தீர்கள்.

"நேரா பாத்தா தெரியுது. ஓரத்துல மட்டும் இல்லை. கம்பளிய இழுத்துவிட்ட மாதிரி இருக்குது."

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்ணா."

என் கையைப் பிடித்தீர்கள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன கை அது. "போனா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியுமப்பா. லைசென்ஸைப் புடுங்கிப்போடுவாங்க. பதினெட்டு வயசுல க்ளீனரா ஏறுனவன் நான். எறங்குனா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. தானாச் செரியாகும். அதுவரைக்கும் இடதுபக்கத்தை நீ பாத்துக்க."

நான் சரி என்றேன். அந்த ஒரு சொல்லை எத்தனை முறை திரும்ப வாங்கப் பார்த்திருக்கிறேன்!

நிற்க ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில் என்பது எல்லா வண்டிக்கும் உள்ளது. நம் வண்டியில் மட்டும் இன்னொன்று சேர்ந்தது. இடது ஓரத்தில் சைக்கிளோ ஆளோ மாடோ இருந்தால் நான் சின்னதாக, குருவி கத்துவதுபோல ஒரு விசில் ஊதுவேன். நீங்கள் கொஞ்சம் வலதுக்கு ஒதுங்குவீர்கள். முன்படியில் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டு டிக்கெட் போட்டேன். பின்னால் இருப்பவர்களை முன்னால் வரச் சொன்னேன். செக்கிங் வந்தவர் ஏறிப் பார்த்து, "பாதிப் பேருக்கு டிக்கெட் போடாம படியில நின்னு வேடிக்கை பாக்கறியா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நாளெல்லாம் இடதுபக்கமே பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணை மூடினால் வண்டியின் இடது முன்சக்கரம்தான் சுழன்றது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று பதினெட்டு நாள் ஓட்டினேன்.

பதினெட்டாம் நாள் காலை, கோவிலுக்கு விசேஷம் என்று வண்டியில் நிற்க இடமில்லை. ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுக்க நடுவில் போய்விட்டேன். பொள்ளாச்சிக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டாப். ஆள் இறங்கியதும் யாரோ, "போலாம் ரைட்" என்று கத்தினார்கள். என் விசில் இல்லாமலே நீங்கள் எடுத்தீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோட்டங்காட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண், கையிலிருந்து உருண்டுபோன சோற்றுப் பாத்திரத்தின், தூக்குப்போசியின், மூடியை எடுக்க, சக்கரத்துக்கு முன்னால் குனிந்திருந்தாள்.

விசிலை வாயில் வைத்தது ஞாபகமில்லை. வண்டி நின்ற பிறகும் ஊதிக்கொண்டே இருந்தேனாம். யாரோ என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலை முந்தானை டயருக்கடியில் மாட்டியிருந்தது. போசி தட்டையாகிப் பழைய சோறு தார்ரோட்டில் பரவியிருந்தது. அவள் எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இறங்கிச் சுற்றி வந்து பார்த்தீர்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து முந்தானையை விடுவித்தீர்கள். அவளை ஓரமாக உட்கார வைத்து, யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நீங்கள் உங்கள் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமல் சொன்னீர்கள்.

"ரைட் குடு."

நான் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"குடுக்க மாட்டேனுங்ணா."

"நேரமாகுது. ரைட் குடுப்பா."

"எறங்கிப்போடுங்ணா. உங்க கால்ல வேண்ணாலும் விழறேன். எறங்கிப்போடுங்க."

பின்னாலிருந்து ஆள் ஆளுக்குச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். "என்னங்க கண்டக்டர், வண்டி போகுமா போகாதா?" நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். இன்ஜின் உறுமியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "டிரைவருக்குக் கண்ணு தெரியலைங்க. எல்லாரும் எறங்கிக்குங்க."

கைக்குழந்தைக்காரிதான் முதலில் எழுந்தாள். நீங்கள் இன்ஜினை நிறுத்தினீர்கள். சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "நல்லா இருப்பா" என்றீர்கள். நீங்கள் என்னை எத்தனையோ முறை வைதிருக்கிறீர்கள், எதுவும் அந்த இரண்டு சொல்போல அறுத்ததில்லை.

அன்று மத்தியானமே சேதி தெரிந்து அக்கா உங்களைக் கோவையில் உள்ள கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். நீங்கள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பாவை விரிய மருந்து விட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிய டாக்டரம்மா இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு, சிவப்புப் பென்சிலாலும் நீலப் பென்சிலாலும் வரைந்தார்.

"சமீபத்துல அம்மை வந்துச்சுங்களா?"

அக்கா தலையாட்டினார்.

"மேல இருந்தது இறங்கிருச்சு. ஆனா அந்தக் கிருமி கண்ணுக்குள்ள போயிருக்குதுங்க. பின்னால இருக்கற ரெட்டினாங்கற மெல்லிசு சவ்வை ஓரத்துல இருந்து அரிச்சிருக்குது. இடது கண்ணுல அது மெலிஞ்சு, ஓட்டை விழுந்து, ஈரச் சுவத்துல காயிதம் உரியற மாதிரி உரிஞ்சு வந்துட்டிருக்குது." பென்சில் அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தது. "வலது கண்ணுலயும் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்குது."

நாற்காலியின் கையை நீங்கள் இறுகப் பிடித்தது தெரிந்தது.

"எத்தனை நாளா இடதுல மறைக்குதுங்க?"

"நாலஞ்சு நாளாத்தானுங்க" என்றீர்கள்.

"பதினெட்டு நாளாகுதுங்க டாக்டர்" என்றேன். "எனக்குத் தெரியுமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா, இடது கண்ணையும் காப்பாத்தப் பாத்திருக்கலாமில்லீங்களா?"

உடனே படுக்க வைத்தார்கள். நாள் முழுக்க நரம்பில் மருந்து ஏறியது. வலது கண் தப்பிக்குமா என்று மூன்று வாரம் யாராலும் சொல்ல முடியவில்லை. கிருமி அரித்த இடத்தில் விழுந்திருந்த வெள்ளைத் திட்டுகள் கண்ணின் நடுவை நோக்கி நகர்ந்தால் முடிந்தது என்று சொல்லியிருந்தார்கள். டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நிற்பேன். அக்கா வெளியே வந்து, "இன்னைக்கும் அப்படியே நிக்குதுங்களாமா" என்பார். அதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவேன். உள்ளே வர தைரியம் இல்லை. திட்டுகள் நின்றன, காய்ந்து தழும்பாயின. தழும்பைச் சுற்றி லேசர் வைத்தார்கள். இடது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தும் வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது.

பதினொரு மாதம் நீங்கள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், உக்கடத்தில் டைம் கீப்பர் மேஜைக்குப் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். முதலாளி கூப்பிட்டுக் கொடுத்த வேலை. நான் நேரத்தைப் பதிய வந்து நின்றேன். கடிகாரத்தைப் பார்த்து, "மூணு நிமிசம் லேட்டுங்க கண்டக்டர்" என்றீர்கள். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், மெதுவாக: "அன்னைக்கு நீ ரைட் குடுத்திருந்தா நான் எடுத்திருப்பேனப்பா. எனக்கு அதுதான் இப்ப பயமா இருக்குது."

அதற்குப் பிறகு நமக்குள் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கண் நம்மை விடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. தழும்பின் ஓரம் எப்போது வேண்டுமானாலும் இழுத்துக் கிழியலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்கள். வருடங்கள் போகப் போக வலது கண்ணின் ஓரமும் சுருங்கியது. சாயங்காலமானால் படி தெரியவில்லை. இருந்தும் பேப்பர் படித்தீர்கள். இரண்டு மகள்களின் கல்யாணத்தையும் பார்த்தீர்கள். சின்னவளின் குழந்தை முகத்தை அருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்ததாக அக்கா சொன்னார். கடைசியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனதே தவிர, அந்த வலது கண் உங்களைக் கைவிடவில்லை.

காரியத்தன்று அக்கா இன்னொன்றும் சொன்னார். காலையில் எழுந்ததும் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவு நிலையைப் பார்ப்பீர்களாம். நேர்கோடு நேராகத்தான் இருக்கிறதா, வளைகிறதா என்று; வளைந்தால் அந்தக் கண்ணும் உரிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அதற்குப் பிறகுதான் காலைக் கீழே வைப்பீர்களாம். இத்தனை வருடம், ஒரு நாள் விடாமல். என்னிடம் நீங்கள் அதைச் சொன்னதே இல்லை.

அங்கே உங்கள் உறவுக்காரர் ஒருவர் என் முதுகைத் தட்டி, "மச்சான் கண்ணைக் காப்பாத்துனவரு நீங்கதானுங்களே" என்றார். அக்காவைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பதினெட்டு நாளை முதல் நாளிலிருந்து சொன்னேன். மொபெட்காரர், டீ கிளாஸ், குருவி விசில், எல்லாம். அவர் அழாமல் கேட்டார்.

"அவரு எல்லாஞ் சொல்லியிருக்காருங்க" என்றார். "'நான்தான் அவனைக் கேட்டேன், எனக்காகத்தான் அவன் அதைச் செஞ்சான், நாளைக்கு ஆரும் அவனை ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது'ன்னு சொல்லிப்போட்டுத்தான் போனாருங்க."

நீங்கள் அப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணா. ஆனால் சரி என்று சொன்ன வாய் என்னுடையது. மனிதர்மேல் இருக்கும் பிரியத்தால் வாயை மூடிக்கொள்வதும் ஒருவகைத் தீங்குதான் என்பதை உங்கள் ஒரு கண்ணைக் கொடுத்து நான் கற்றேன். இன்று யாராவது என் கையைப் பிடித்து, "இதை வெளிய சொல்லிப்போடாதீங்க" என்றால், என் காதில் டாக்டரம்மாவின் "தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா" என்ற கேள்விதான் ஒலிக்கிறது.