ஃபியூஸே போகாத வீடு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், வீட்டைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்குச் சளி விட்டதா, விடாவிட்டால் டாக்டரிடம் காட்டு, நீயாக மருந்து கொடுக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் அண்ணன் போன் செய்து, "வயரிங் ரொம்பப் பழசும்மா, தங்கச்சி குழந்தையோட வர்றதுக்குள்ள செக் பண்ணிடலாம், நானே ஆள் அனுப்புறேன்" என்றான். எனக்கு அப்போதே சுருக்கென்றது. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படலாமா என்று கேட்பாய். இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என் ஃபிளாட்டுக்கு வாங்க என்று வருஷக்கணக்காக நச்சரிப்பவன் அவன்தானே, திடீரென்று வயர் மேல் என்ன அக்கறை? ஆளை விட்டுப் பயமுறுத்தி எங்களைக் கிளப்பப் பார்க்கிறான் என்றே முடிவு கட்டினேன். அப்பாவோ பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம வீட்டுல ஃபியூஸே போனதில்ல, எவன் வந்து என்னத்தைப் பார்க்கப் போறான்" என்றார்.

வந்த எலக்ட்ரீஷியன் பார்க்கச் சாதுவாக இருந்தார், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஏணியில் ஏறி, ஹாலில் சுவர் மேல் அடித்திருக்கும் மரப்பட்டிக்குள் ஓடும் வயரை இழுத்துக் காட்டினார். மேலே இருந்த ரப்பர் விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. வீடு முழுக்க மாற்ற வேண்டும் என்றார். நான் விடுவேனா? அந்தத் துண்டை அவரே பையில் கொண்டுவந்திருந்தால்? ஏணிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன், ஒரு வாய் டீ கூடக் கொடுக்கவில்லை. கடைசியில், "நீங்க காட்டுற இடம் வேணாம், நான் சொல்ற இடத்தைத் திறங்க" என்று உன் அறைக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் வருகிறீர்கள் என்று அப்பா இப்போதுதான் பெயின்ட் அடிக்க வைத்தது, சுவர் பளபளவென்று இருந்தது. ஆள் கையும் களவுமாக மாட்டப்போகிறார் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

கட்டில் தலைமாட்டில் இருக்கும் சுவிட்ச் போர்டைக் கழற்றினார். பின்பக்கம் கன்னங்கரேலென்று கருகிக் கிடந்தது. போன தடவை வந்தபோது குளிர் என்று அந்த பிளக்கில்தான் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நீயும் குட்டியும் தூங்கினீர்கள். அவர், "இவ்வளவு சூடாகியும் ஃபியூஸ் ஏன் போகல?" என்று முணுமுணுத்துக்கொண்டே மெயின் பாக்ஸுக்குப் போய், ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். தலைமுடி மாதிரி இருக்க வேண்டிய கம்பிக்குப் பதில் தடித் தடியாகச் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தது. நான் அவரை முறைத்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சீலிங்கைப் பார்த்தார். "அடிக்கடி போய்க்கிட்டே இருந்துச்சு, அதான் கொஞ்சம் கனமா சுத்திட்டேன், அப்புறம் தொந்தரவே இல்ல" என்று இழுத்தார். "சார், வயர் தாங்காதப்போ அதுதான் உருகிக் கரண்ட்டை நிறுத்தணும். இப்படிச் சுத்தினா அது உருகாது, வீடுதான் எரியும்" என்றார் அந்த மனிதர்.

பெற்ற பிள்ளையைச் சந்தேகப்பட்டேன், முன்பின் தெரியாதவரைச் சந்தேகப்பட்டேன், பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டேன் பார். இப்போது மெயினை அணைத்தாகிவிட்டது. நாளையிலிருந்து சுவரைக் கொத்தி எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்கள், முடியும்வரை உன் அண்ணன் ஃபிளாட்டில்தான் இருக்கப் போகிறோம். விஷயம் கேட்டு ஓடி வந்த அவன் மூஞ்சியில் ஒரு திருப்தி தெரிகிறது, அதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். புது வயரையும் வேறொரு ஆளை விட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்வேன், யாருக்கும் தெரிய வேண்டாம்.

நீயும் உன் வாடகை வீட்டு சுவிட்சுகளைத் தொட்டுப் பார், எதுவாவது சூடாக இருந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ உடனே ஆளைக் கூப்பிடு, வீட்டுக்காரர் ஒன்றுமில்லை என்றால் நம்பாதே. அப்பா உன் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. உன்னோடு போனில் பேச வாய் வரவில்லையாம், என்னை எழுதச் சொன்னார். டிக்கெட்டைத் தள்ளிப் போடு. எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று உன் உயிரை எடுத்த நானேதான் சொல்கிறேன், இப்போது வராதே. குட்டியைப் பார்க்காமல் இன்னும் கொஞ்ச நாள் இருந்துகொள்வேன்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி இருங்கள்.

உன் அம்மா