பிலமினாவுக்கு ஆகாத பால்

மார்ச் 1

பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். காலையில் மழை, இப்போது வெயில். என் புருஷன் மைல்ஸ் தேநீர் போட்டுத் தந்தான். வாயில் வைக்க முடியவில்லை, பாவம் என்று குடித்தேன்.

ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிலமினா பிறந்த அன்று நர்ஸ் குனிந்து, மெதுவாகத்தான் கேட்டாள்: "நீங்க டிராவலர்ஸாம்மா? அப்படின்னா, உங்க சனத்துல சில பிள்ளைகளுக்குப் பால் ஆகாதுங்கறதால, டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் பிள்ளைக்கு சோயாப்பால் குடுப்போம்." பக்கத்துக் கட்டிலில் எங்கள் வாடகை வீட்டுச் சொந்தக்காரரின் மச்சினி, காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். "இல்லீங்க" என்றேன். கூசாமல் சொன்னேன்.

வேறென்ன செய்ய? வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போகிற டிராவலர்ஸ், வண்டிச் சனம் என்று தெரிந்ததும் எத்தனை வீடு கைநழுவிப் போயிருக்கிறது! இந்த வீட்டில் வெந்நீர் வருகிறது. மரச்சாமான் கடையில் வேலைக்காக மைல்ஸ் தன் பேச்சையே மாற்றிக்கொண்டான். அம்மா எங்கள் எல்லாருக்கும் முதலில் சோயாப்பால்தான் கொடுத்தாள். டெஸ்டில் ஒருவருக்கும் ஒன்றும் இருந்ததில்லை. பிலமினாவுக்கு மட்டும் ஏன் வரப்போகிறது?

மார்ச் 2

வீட்டுக்கு நர்ஸ் வந்து குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் போனாள். எல்லாப் பிள்ளைக்கும் எடுப்பதுதான். முடிவு வர நாளாகுமாம். குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே மாட்டேனென்கிறது.

மார்ச் 4

புட்டிப்பால் முழுவதையும் கக்குகிறாள். கண்ணெல்லாம் மஞ்சள். போனில் பெர்னி அக்காவிடம் அழுதேன்.

"என்ன பாலுடி குடுக்குற?"

"கடையில விக்குற புட்டிப் பவுடர்தான்க்கா."

"மாட்டுப்பாலா? உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? நம்ம சித்தி மக நெல்லி பெத்த பையன மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்தப் பால் ஆகாமல் அவன் தொட்டிலைத் தாண்டவே இல்லை. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பிலமினா துணி மாதிரி துவண்டு கிடக்கிறாள், எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ரத்தத்தில் கிருமி என்கிறார்கள். மூக்கில் குழாய் வைத்துப் பால் விடுகிறார்கள். அதே பால்! சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மைல்ஸ் கையைப் பிடித்தான். "கிருமின்னுதானே சொல்றாங்க? மருந்து போட்டா சரியாயிரும். வாயத் தொறந்தே, வீடும் போச்சு, வேலையும் போச்சு."

உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டேனே, மாதாவே!

மார்ச் 5

சொல்லிவிட்டேன். காலையில் டாக்டர் அம்மா வந்ததும் வார்டே கேட்கிற மாதிரி கத்தினேன்: "நாங்க டிராவலர்ஸ். ரெண்டு பேருமே. இவரு எனக்கு மாமன் முறை. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பி, "அந்தப் பாலை நிறுத்துங்க, இப்பவே!" என்று ஓடினாள். மைல்ஸ் வெளியே போய்விட்டான்.

மாலையில் குதிகால் ரத்த டெஸ்ட் முடிவு வந்தது. நெல்லியின் பையனுக்கு இருந்த அதே குறைதான். டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பால் சர்க்கரையில் பாதி கேலக்டோஸ். அதை உடம்புக்கு ஆகிற சர்க்கரையாக்க ஒரு நொதி வேண்டும். நியூக்ளியோடைடு என்கிற துண்டை வேறொரு சர்க்கரையிலிருந்து கழற்றி இதில் மாட்டுவதுதான் அதற்கு வேலையாம். முதலில் புரியவில்லை. பிறகு எனக்கே பிடிபட்டது: ஒரு வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்து அடுத்த வண்டியில் பூட்டுகிற ஆள். பிலமினாவிடம் அந்த ஆள் இல்லை. பூட்டாத வண்டியெல்லாம் ஈரலில் தேங்கி நஞ்சாகிறது.

இப்படிக் கழற்றி மாட்டுகிற நொதிகள் இன்னும் எத்தனையோ உண்டாம். உயிரணு பெருகும்போது டி.என்.ஏ என்கிற மரபு இழையைப் படியெடுப்பதும் அவைதானாம். அத்தனையும் சரியாக இருக்கிறது என் பிள்ளைக்கு. இது ஒன்றுதான் இல்லை. ஆளுக்குப் பாதிக் குறையை நானும் மைல்ஸும் கொடுத்திருக்கிறோம்.

நஞ்சு கொடுத்தது நான் மட்டும். ஒவ்வொரு புட்டியும் என் கையால்.

மார்ச் 6

கண் திறக்கவில்லை. பிழைப்பாளா என்று கேட்டால், "பார்க்கலாம்மா" என்கிறாள் டாக்டர். மைல்ஸ் வரவில்லை.

மார்ச் 7

கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் சனம்! பெர்னி, நெல்லி, மைல்ஸின் சித்தப்பாக்கள், கைக்குழந்தைகள்... வண்டிகளால் வாசலே அடைபட்டிருக்கிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் நம் ஆட்கள் இப்படித்தான், தடுத்தாலும் நிற்கமாட்டார்கள்.

காவல்காரர் கையை விரித்தார். "ரெண்டு பேருக்கு மேல விடமாட்டோம். இவங்கல்லாம் யாரு?"

கூட்டத்தின் நடுவே மைல்ஸ். தாடியும் அழுத கண்ணுமாக நின்றான். "என் சனம். எல்லாரும் என் சனம்தான். நான் போய்க் கூட்டியாந்தேன்." பழைய பேச்சிலேயே சொன்னான்.

நெல்லி மேலே வந்தாள். என் தலையை மடியில் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 10

சோயாப்பாலைச் சப்பினாள். தானாக! கொஞ்சம்தான். கண்ணில் லேசாகப் புரை இருக்கிறதாம், தானே கரையலாம் என்கிறார்கள். பேச்சு தாமதமாகுமோ என்னவோ. இருக்கட்டும். உயிரோடு இருக்கட்டும்.

ஏப்ரல் 18

வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணமாம், வீடு வேண்டுமாம். அவருக்கு இருப்பது இரண்டும் பெண்கள். "நல்லது" என்றேன்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். பெர்னியின் வண்டிக்குப் பின்னால் எங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், குழாய்த் தண்ணீர் கொஞ்சம் தூரம். பிலமினா புட்டியை முடித்ததும் மைல்ஸ் தோளில் போட்டுத் தட்டினான். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டாள்.

"ஏப்பத்துல எங்கப்பன் கெட்டான் போ," என்றான். "இன்னொரு புட்டி கலக்கு, புள்ள."

கலக்கினேன்.