அடைப்புக்குறிக்குள் அக்காவின் பெயர்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, எனக்கு முழங்கால் வழக்கம்போல, உன் தங்கைக்குக் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை, உடம்பை மட்டும் கேட்டால் எல்லோரும் சுகம்தான். போனை நீ எடுப்பதில்லை, மாப்பிள்ளைதான் எடுத்து அவ மீட்டிங்ல இருக்கா அத்தை என்கிறார், என்ன மீட்டிங்கோ வாரக்கணக்காக முடியாத மீட்டிங், அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாமல் திக்குவதைக் கேட்க எனக்கே பாவமாக இருக்கிறது. மெசேஜ் போட்டால் படித்ததற்கு அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நீ படித்தாயா, படிக்காமலே மேசை டிராயரில் போட்டாயா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, ஒருவிதத்தில் அதுவே நல்லது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணி உலர்த்துகிற பெரிய மெஷின் மறுபடி படுத்துவிட்டது, மெக்கானிக் வந்து நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு பார்ட்ஸ் வரணும் என்று போனவன்தான், ஆளைக் காணோம். ஈரப் போர்வைகளை மாடிப்படிக் கைப்பிடியில் எல்லாம் போட்டுக் காயவைக்கிறோம், நர்ஸ்கள் வந்து கத்துகிறார்கள், ஷிப்ட் சூப்பர்வைசர் நான் என்பதால் கத்தல் முழுவதும் எனக்கு. அப்பா உன் ஆராய்ச்சிக் கட்டுரையைக் கம்ப்யூட்டர் கடையில் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார், முடிவெட்டப் போகும்போதுகூட அது கையில் இருக்கிறது. முடிவெட்டுகிறவர் முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்துவிட்டு உள்ள என்ன சார் எழுதியிருக்கு என்று கேட்டாராம், அதெல்லாம் உனக்குப் புரியாதுப்பா என்றாராம் இவர், இவருக்கு மட்டும் புரிந்த மாதிரி. உன் பெயரைத் தாண்டி ஒரு வரி அவர் படித்ததில்லை. படிக்காமலே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன், ஏன் என்று உனக்குத் தெரியும்.

உன் தங்கையின் தீசிஸ் விஷயமாக அவளுடைய கைடு மேடம் உனக்கும் மெயில் போட்டதாகச் சொன்னார். இருந்தாலும் இங்கே நடந்ததை என் வாயால் சொல்கிறேன். இத்தனை வருஷம் உழைத்து எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து சிரித்தாள், அம்மா இனிமேதான் நான் மனுஷி என்றாள். பல்கலைக்கழகத்தில் எந்தத் தீசிஸ் வந்தாலும் ஒரு சாப்ட்வேரில் போட்டுச் சலிப்பார்களாம், ஏற்கெனவே எங்காவது அச்சான வரி இருந்தால் அது மஞ்சள் பூசிக் காட்டிவிடுமாம். இவளுடைய நாலாவது அத்தியாயம், சலவைத் தொழிலாளிகளைப் பற்றியது, பக்கம் பக்கமாக மஞ்சள். எங்கிருந்து எடுத்தது என்று பார்த்தால் உன் கட்டுரை. உன்னுடையது போன வருஷமே அச்சாகிவிட்டது, இவளுடையது இப்போதுதான் வருகிறது, அப்புறம் கேட்க வேண்டுமா. அக்கா எழுதியதைத் தங்கை எடுத்துக்கொண்டாள், எங்கிருந்து எடுத்தாள் என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை என்று விசாரிக்கக் கமிட்டி போட்டுவிட்டார்கள். இவளோடு ஒன்றாக டீ குடித்த பிள்ளைகள் கேன்டீனில் இப்போது வேறு மேசை பார்த்து உட்காருகிறார்களாம். கமிட்டியில் என்ன கேட்டாலும் இவள் வாயைத் திறக்கவில்லை.

அதனால் நானே லீவு போட்டுக் கைடு மேடத்தைப் பார்க்கப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை, இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. அவர் அறையில் ஜன்னல் மறையும் அளவுக்குத் தீசிஸ்களை அடுக்கி வைத்திருக்கிறார், நான் உட்காருவதற்காக நாற்காலியில் இருந்த கட்டைத் தூக்கித் தரையில் வைத்தார். நல்ல மனுஷிதான். உங்க பொண்ணு மேல உயிரையே வெச்சிருந்தேன், இப்படிப் பண்ணிட்டாளே என்றார். ஏதோ கவனக்குறைவா விட்டிருப்பா மேடம் என்று நான் இழுத்தேன். கவனக்குறைவா, இதக் கேளுங்க, உங்க பெரிய பொண்ணு எவ்வளவு அருமையா எழுதியிருக்காங்க, இதை அப்படியே தூக்கிப் போட்டிருக்கா என்று ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஒரு பெண் தொழிலாளி என்னிடம் சொன்னார் என்று ஆரம்பித்தது. வேலை முடிஞ்சு வந்ததும் கை கழுவுறது அழுக்குக்கு, பிள்ளையைத் தூக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கழுவுறது பயத்துக்கு என்று அந்தத் தொழிலாளி சொன்னதாக இருந்தது.

பெரியவளே, அது நான் சொன்னது. என்னிடம் சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே, உன்னிடம் எப்போது சொன்னேன். நீ ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷமாகிறது, என் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பாயா, அம்மா இன்னுமா அந்த வேலைக்குப் போற, விட்டுத்தொலையேன் என்பதைத் தவிர. மேடம் வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு பெண் தொழிலாளி உங்களுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும். சொன்னால் சின்னவள் தப்பிப்பாள், சொன்ன கையோடு அவர் நீ வேலை பார்க்கிற காலேஜுக்கு எழுதுவார். இந்தக் கட்டுரையை வைத்துத்தான் வேலை நிரந்தரமாகப்போகிறது என்று நீதானே சொன்னாய். சொல்லாவிட்டால் இவள் திருடி. இரண்டு பேரையும் இந்த வயிற்றில்தானே சுமந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். சின்னவள அவ அக்காகிட்ட முதல்ல மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க என்றார். சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் அதைச் சொன்ன நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்னவள் சமையலறையில் சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து, நீ இப்ப அம்மா இல்ல, சலவைப் பிரிவு மூத்த பணியாளர், அப்படி நெனச்சுப் பேசு என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேட்டி கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்து வேறு வாங்கினாள், பெற்ற தாயிடம். என் பேர் வருமா என்று ஆசையாகக் கேட்டேன், வராதும்மா, உன் வேலைக்கு எதுவும் ஆயிடக்கூடாது, ஆனா நீ சொன்னதுன்னு இருக்கும் என்றாள். அவள் எழுதியதில் எதைத் திறந்தாலும் அடைப்புக்குறி, அதற்குள் ஒரு பெயர், ஒரு வருஷம். எதுக்குடி இத்தனை, படிக்கிறவன் தடுக்கி விழமாட்டானா என்று கேட்டேன். அடுத்தவங்க சொன்னதுக்கெல்லாம் அவங்க பேரப் போட்டுட்டா மிச்சம் என்னோடதுன்னு தைரியமா நிக்கலாம்மா என்றாள். அழுக்குத்துணி லாரி எப்போது வரும் என்று சொன்ன வாட்ச்மேனைக்கூட விடவில்லை, அவரிடம் பேசிய தேதியோடு குறித்திருக்கிறாள். யாரோ ஒருவருடைய புத்தகத்தில் பக்க எண் சந்தேகம் என்று கொட்டுகிற மழையில் பஸ் மாறி லைப்ரரிக்குப் போய், சரிதாம்மா, நான் போட்டது சரிதான் என்று நனைந்துபோய் வந்து நின்றவள். அவளைத்தான் இப்போது மேற்கோள் காட்டத் தெரியாதவள் என்கிறார்கள்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் நினைக்கவில்லை, நினைக்க எனக்குத் தெம்பு இல்லை. பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து அவள் எழுதுவதெல்லாம் உன் கைக்கு வந்துதான் போகும், நீ திருத்தினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். இந்த அத்தியாயத்தையும் கைடுக்கு முன்னால் உனக்குத்தான் அனுப்பினாள். அக்காவுக்கு அனுப்புவதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தோன்றியது. நம் வீட்டில் சீப்பிலிருந்து செருப்புவரைக்கும் யார் கைக்குக் கிடைத்ததோ அவர்களுக்கு அது, இது உன்னுடையது இது அவளுடையது என்று நானும் பிரித்து வளர்க்கவில்லை. திருத்தித் திருத்தி அது உன் எழுத்து மாதிரியே ஆகியிருக்கும், அவசரத்துக்கு உன் கட்டுரையில் வைத்திருப்பாய், அச்சுக்குப் போகும் முன்னால் அவள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாய், விட்டுப்போயிருக்கும். இப்படிப் போர்வை மடித்துக்கொண்டே உனக்காக நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த என்னிடம் சொன்னார் என்ற இடம் வரும்போது எல்லாக் காரணமும் படுத்துவிடுகிறது. அது விட்டுப்போன பெயர் இல்லையே, நீ உட்கார்ந்து எழுதியது. வயிறு எரிகிறது. எரிகிற நேரத்தில் உன் குழந்தை முகம் ஞாபகம் வந்து அழுதுவிடுகிறேன், பக்கத்தில் வேலை செய்கிறவள் என்னக்கா சோடா பவுடர் கண்ணுல பட்டுடுச்சா என்கிறாள், ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன்.

சின்னவளிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன். நான் பேசின ரெக்கார்டிங் இருக்கு, தேதி இருக்கு, அக்காவுக்கு அனுப்பின மெயில் இருக்கு, கொண்டுபோய்க் கமிட்டி முன்னாடி வையேன்டி, உனக்கென்ன வாயில் கொழுக்கட்டையா என்று கத்தினேன். அக்காவுக்கு வேலை போயிடும்மா, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு அவ எங்க போவா, எனக்கு ஒரு அத்தியாயம்தானே என்றாள். ஒரு அத்தியாயம்தானா. விட்ட இடத்திலெல்லாம் உன் பெயரைப் போட்டுத் திருத்திக் கொடுத்தால் மறுபடி பார்க்கிறோம் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது, ஆனால் அவள்மேல் எச்சரிக்கை பதிவாகுமாம், அது எங்கே வேலை கேட்டுப் போனாலும் கூடவே வருமாம். கைடு மேடம் விலகிக்கொண்டார். அங்கேயே கிடைப்பதாக இருந்த விரிவுரையாளர் வேலை வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. இத்தனைக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்தபோது மேசையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தான் எழுதிய வரிக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி போட்டு உள்ளே உன் பெயர், வருஷம், பக்க எண். புள்ளி எங்கே வரும், காற்புள்ளி எங்கே வரும் என்று விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் போடுகிறாள், அதிலும் தப்பு வந்துவிடக்கூடாதாம். நான் சொன்ன இடம் வந்ததும் கை நின்றது. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை. சலவைப் பிரிவு மூத்த பணியாளர் என்று இருந்ததை அழித்துவிட்டு அங்கேயும் உன் பெயரைப் போட்டாள். நான் துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

இன்று காலையில் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். ரெக்கார்டிங்க அழிச்சிட்டேன்மா, அக்காவுக்கு அனுப்பின மெயிலையும்தான், நீ கையெழுத்துப் போட்ட தாளையும் கிழிச்சிட்டேன், நீ மனசு கேக்காம போய்ச் சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு என்றாள். என்னைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நான் போகத்தான் இருந்தேன். உன்னைக் காட்டிக்கொடுத்தாவது இவளை மீட்கலாம் என்று முடிவுக்கு வந்து, லீவுகூடச் சொல்லி வைத்திருந்தேன், நானெல்லாம் ஒரு தாயா என்று என்னையே கேட்டுக்கொண்டு. இனி நான் போய் நின்று கத்தினாலும் பெற்றவள் பிள்ளைக்காகப் பொய் சொல்கிறாள் என்பார்கள். அவள் எழுதியதற்கு இனி இருக்கிற ஒரே சாட்சி உன் மெயிலில் கிடக்கிற அந்த அத்தியாயம். நீயும் அதை அழித்திருக்கலாம். அழித்திருந்தால் என்னிடம் சொல்லாதே.

அடுத்த மாசம் கமிட்டி கூடுகிறது. அதற்குள் இது என் தங்கை எழுதியது என்று நீ எழுதி அனுப்பினால்தான் உண்டு. எழுதினால் உன் பிழைப்பு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன், கேட்கிற என்னை நீ மன்னிக்க வேண்டாம். குளிர் அதிகம் என்றாயே, குழந்தைக்குக் காதை மூடிவிடு, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் நான் எப்போதும் முடிப்பேன். இப்போது அதை எழுதக் கை வரவில்லை, ஒருத்தி நன்றாக இருந்தால் மற்றவள் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மாசக் கடைசியில் உன் தங்கைக்குப் பிறந்தநாள், மறந்துவிடாதே. வேறு எதுவும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிட்டு வாழ்த்து மட்டும் சொல்லு. அவள் அன்றைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டேதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும்
அம்மா