காலரில் ரத்தப் பொட்டு

அம்மாவுக்கு, உன் மகள் எழுதுவது.

உன் மூட்டுவலி தேவலையா? அப்பா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் கம்பெனியில் ஒரு கூத்து. நான் தைத்த வெள்ளைச் சட்டையின் காலரில் ரத்தப் பொட்டு. சூப்பர்வைசர் அக்கா எல்லார் விரலையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் ஊசி குத்தவில்லை. பிறகு என்னிடம் வந்து, "ஏம்மா, நூலைப் பல்லாலயா கடிக்கிறே? வாயைத் திற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஈறிலிருந்துதான் ரத்தம் கசிகிறது என்று தெரிந்து மறுநாள் பல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் ஒரு குப்பியில் எச்சில் துப்பச் சொன்னார். அப்புறம் ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்தார். "ஈறு கெட்டா எச்சில்ல ஃப்ரீ ரேடிக்கல் கூடும்மா. அது நல்ல சதையையும் சேர்த்து அரிக்கும். இப்ப குறையுதான்னு மறுபடி டெஸ்ட் பண்ணுவோம்" என்றார். அன்றிலிருந்து எச்சிலை விழுங்கவே பயமாக இருக்கிறது. முன்பல் ஒன்று லேசாக ஆடுகிறது. நாக்கு சும்மா இருக்காமல் அதையே போய்த் தொடுகிறது.

இனி நூலைக் கடிக்கக் கூடாதாம். இங்கே தரும் கத்தரி என் கைக்கு அடங்கவில்லை. வீட்டில் என் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் குட்டிக் கத்தரியை அனுப்பு. உன் பழைய புடவை ஒன்றில் சுற்றி அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது. பல்செட் கட்டுவதற்கு முன்னால் நீ வாயைக் கையால் மூடிக்கொண்டுதானே சிரிப்பாய்? கூச்சம் என்றே நினைத்திருந்தேன். உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா, அம்மா?